நிழலை வாசித்தல்: பல் எக்ஸ்-கதிர்ப் படத்தின் வரலாறு பற்றி ஒரு நோக்கு

மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. இன்ன ஆண்டில் இன்னார் இன்ன கருவியைக் கண்டார்; அதன்பின் நோயறிதல் எளிதாயிற்று; நோயாளர் பயன்பெற்றனர் என்றவாறு அமைவது அவ்வரலாறு. பல் வைத்தியத்தில் எக்ஸ்-கதிர்கள் புகுந்த வரலாறும் இதற்கு விலக்கன்று. பாடநூல்களின் முதல் அத்தியாயத்திற் சில பெயர்களும் ஆண்டுகளும் நிரல்படுத்தப்பட்டபின், மாணவர் நேரே பொறியின் இயக்கத்துக்கு அழைத்துச் செல்லப்படுவர். ஆயின் ஒரு கருவி கைக்குக் கிடைத்தமையும், அக்கருவி தருவதைச் சரிவர வாசிக்கத் தெரிந்தமையும் ஒன்றல்ல. பல்லின் நிழலைத் தகட்டில் வீழ்த்துவதற்குச் சில வாரங்களே தேவைப்பட்டன. அந்நிழல் எதைச் சொல்கின்றது, எதைச் சொல்லவில்லை என்று தெளிவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது. அவ்விடைக்காலத்தில் நலமான பற்கள் பெருந்தொகையாகப் பிடுங்கப்பட்டன. வைத்தியர் சிலர் விரல்களையும் கைகளையும் இறுதியில் உயிரையும் இழந்தனர். அவ்விடைக்காலமே இக்கட்டுரையின் பொருள்.

வில்லெம் கொன்றாட் றொன்ட்ஜன் வூர்ஸ்பேர்க் நகரிலே தம் ஆய்வுகூடத்தில் அப்புதிய கதிர்களைக் கண்டது 1895 நவம்பர் 8ஆந் திகதி. அது பற்றிய முதற் கட்டுரையை அவர் டிசம்பர் 28ஆந் திகதி அந்நகரப் பௌதிக-மருத்துவக் கழகத்திடம் கையளித்தார். அடுத்த மாதமே, 1896 ஜனவரியில், பிறவுண்ஷ்வைக் நகரப் பல் வைத்தியரான ஒற்றோ வால்க்கோவ் தம் கடைவாய்ப் பற்களைப் படம்பிடிப்பித்துவிட்டார். கண்ணாடி ஒளிப்படத் தகடொன்று சிறு துண்டாக வெட்டப்பட்டது. உமிழ்நீரும் வெளிச்சமும் படாதவாறு கறுப்புக் கடதாசியாலும் இறப்பர்த் தாளாலும் சுற்றப்பட்டது. அதனை வாயினுள் வைத்துக்கொண்டு அவர் 25 நிமிடம் நிலத்திலே அசையாது கிடந்தார். படத்தை எடுத்தவர் அவருடைய நண்பரான இரசாயனவியலாளர் பிறிற்ஸ் கீசல். அந்த 25 நிமிடமும் தமக்குச் சித்திரவதையாகவே இருந்ததென வால்க்கோவ் பின்னர் கூறினார். கிடைத்த படங்கள் மங்கலானவை, நோயறிதலுக்கு உதவாதவை. எனினும் உயிருள்ள ஒருவரின் வாயினுள்ளே, சதையால் மூடப்பட்ட ஒன்றைப் பார்க்கலாம் என்பது நிறுவப்பட்டுவிட்டது. கீசல் பின்னர் கதிர்த்தொழிற்பாட்டு ஆராய்ச்சியில் பேர்பெற்று 1927இல் புற்றுநோயால் இறந்தார்.

றொன்ட்ஜன் தம் கண்டுபிடிப்புக்கு ஆக்கவுரிமை பெற மறுத்தவர் என்பதை இவ்விடத்தில் மனங்கொள்ளவேண்டும். அக்கதிர்கள் இத்துணை விரைவிற் பரவியமைக்கு அம்மறுப்பும் ஒரு காரணம். குழாயும் தூண்டற்சுருளும் எந்தப் பௌதிக ஆய்வுகூடத்திலும் இருந்தன. அனுமதி பெறவேண்டிய முதலாளி எவரும் இருக்கவில்லை. 1896ஆம் ஆண்டு முடிவதற்குள் இங்கிலாந்திலே பிராங்க் ஹரிசனும், நியூ யோர்க்கிலே வில்லியம் மோட்டனும், நியூ ஓர்லியன்ஸிலே எட்மண்ட் கெல்ஸும் பற்களைப் படம்பிடித்தாயிற்று.

இனி, இந்நிழல் எவ்வாறு உண்டாகின்றது என்பதைச் சிறிது நோக்குதல் வேண்டும். பின்னர் நிகழ்ந்த தவறுகளின் வேர் அதிலேயே உள்ளது. வெற்றிடமாக்கப்பட்ட குழாயொன்றில் இலத்திரன்கள் உயர் மின்னழுத்தத்தால் உந்தப்பட்டுத் தங்குதன் இலக்கொன்றின்மீது மோதுகின்றன. இன்றைய பல் எக்ஸ்-கதிர்ப் பொறிகளில் இவ்வழுத்தம் பொதுவாக 60 முதல் 70 கிலோவோல்ற்று வரை. மோதும் சத்தியில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே எக்ஸ்-கதிராகின்றது. எஞ்சியது வெப்பமாகிப் போகின்றது. வெளிவரும் கதிர் பல்லையும் என்பையும் ஊடுருவிச் செல்கையில் ஆங்காங்கே உறிஞ்சப்படுகின்றது. எந்த அளவுக்கு உறிஞ்சப்படும் என்பது அப்பொருளின் தடிப்பையும் அடர்த்தியையும், எல்லாவற்றுக்கும் மேலாக அதிலுள்ள அணுக்களின் அணுவெண்ணையும் பொறுத்தது. இவ்வழுத்த நிலையில் உறிஞ்சல் ஏறத்தாழ அணுவெண்ணின் மும்மடிக்கேற்ப உயர்கின்றது. சதையிலுள்ள காபன், ஒட்சிசன் ஆகியவற்றின் அணுவெண்கள் 6, 8. பல்லிலும் என்பிலுமுள்ள கல்சியத்தினது 20. ஆதலால் கல்சியம் செறிந்த இடத்தில் கதிர் தடைப்பட்டுத் தகட்டில் வெண்மை தோன்றும். கல்சியம் இல்லாத இடத்தில் கதிர் தடையின்றிச் சென்று தகட்டைக் கறுக்கச் செய்யும்.

எனாமல் எனப் பொதுவழக்கில் அறியப்படும் மிளிரி, நிறையில் ஏறத்தாழ 96 வீதம் கனியுப்பாலானது. அதுவே பல்லின் மிக வெண்மையான பகுதி. அதன் கீழுள்ள தந்தினி சற்று மங்கல். நரம்பும் குருதிக்கலன்களும் உறையும் பற்கூழ் கறுப்பு. பல்வேரைச் சுற்றி மயிரிழைபோன்ற கருங்கோடு ஒன்று ஓடும். அது வேரையும் தாடையென்பையும் இணைக்கும் நார்களின் இடம். அதற்கப்பால் மெல்லிய வெண்கோடு. அது பற்குழியின் சுவர். தங்கத்தாலும் இரசக்கலவையாலும் அடைக்கப்பட்ட இடங்கள் முற்றும் வெளுத்து, தமக்குப் பின்னுள்ள அனைத்தையும் மறைத்துவிடும்.

இதிலிருந்து பெறப்படும் உண்மை எளியது. எக்ஸ்-கதிர்ப் படம் நோயைக் காட்டுவதில்லை. கல்சியத்தின் மிகுதியையும் குறைவையுமே காட்டுகின்றது. பற்றீரியாவோ சீழோ நோவோ அதில் விழுவதில்லை. அன்றியும், முப்பரிமாணமுடைய தாடை ஒரு தளத்திலே அழுத்தப்படுவதால் முன்னுள்ளதும் பின்னுள்ளதும் ஒன்றன்மேலொன்றாகப் படிகின்றன. பௌதிகத்தில் இத்துணை தெளிவான ஒன்று மருத்துவ வழக்கிலே மறக்கப்பட்டமை எவ்வாறு என்பது பின்னர் ஆராயப்படும்.

அதற்கு முன், படம் எடுத்தோரின் உடல்களுக்கு நேர்ந்ததைக் கூறவேண்டும். கெல்ஸ் 1896 ஜூலையில் ஆஷ்வில் நகரிற் கூடிய தென்மாநிலப் பல் வைத்தியர் சங்கத்தின் மகாநாட்டிலே தம் கருவியை இயக்கிக் காட்டினார். அக்காலக் குழாய்கள் வாயு எஞ்சியிருந்தவை. வெப்பத்துக்கும் பயன்பாட்டுக்கும் ஏற்ப அவற்றின் இயல்பு நாளுக்கு நாள் மாறும். ஒவ்வொரு நோயாளிக்கும் படமெடுக்குமுன் குழாயைப் பதப்படுத்தியாகவேண்டும். அதற்கு அவர் கையாண்ட முறை, தம் கையையே குழாய்க்கும் ஒளிர்திரைக்கும் இடையில் நீட்டி, விரலென்புகள் தெளிவாகத் தெரியும்வரை மின்னோட்டத்தைச் சரிசெய்வது. ஆண்டுக்கணக்கில் இது நிகழ்ந்தது. தோல் கறுத்தது, வெடித்தது, புற்றாயிற்று. விரல்கள், பின்னர் கை, பின்னர் புயம் எனப் பல அறுவைகளுக்கு அவர் உட்பட்டார். 1928 மேயில், தம் அலுவலகத்திலே, தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார்.

இதனை அறியாமையின் விளைவு என்று சொல்லிக் கடந்துபோவது வழக்கம். அவ்வாறு கடந்துபோக இயலாதபடி ஒரு சாட்சி உள்ளது. பொஸ்ரன் நகரிலே வில்லியம் றொலின்ஸ் என்பவர், பல் வைத்தியத்திலும் பொது மருத்துவத்திலும் பட்டம் பெற்றவர், 1898இல் தம் கையைக் கதிராற் சுட்டுக்கொண்டதன் பின் அதனைப் பற்றி ஆராயத் தொடங்கினார். தீப்புண்ணுக்குக் காரணம் கதிரல்ல, குழாயைச் சூழ்ந்த மின்னே என்று அப்போது பலர் வாதிட்டுக்கொண்டிருந்தனர். 1901இல் றொலின்ஸ் கினிப்பன்றிகளைக் கதிருக்கு உட்படுத்தினார். அவற்றின் தோலில் எரிவு எதுவும் காணப்படவில்லை. எனினும் அவை இறந்தன. அடுத்த ஆண்டில், கருவுற்ற கினிப்பன்றியின் கரு கதிரால் இறத்தலையும் காட்டினார். இவற்றிலிருந்து அவர் வகுத்த விதிகள் வியப்பூட்டுவன: குழாயை ஈயம் பூசிய கூட்டினுள் அடைத்தல், தேவையற்ற மென்கதிர்களை வடிகட்டல், படமெடுக்கவேண்டிய பகுதியளவே திறந்திருக்குமாறு கதிர்க்கற்றையைச் சுருக்கல், நோயாளியின் ஏனைய உடற்பகுதிகளை மறைத்தல், திரையைப் பார்ப்போர் கதிர் புகாத கண்ணாடி அணிதல். இவையனைத்தையும் அவர் 1904இல் நூலாகவும் தொகுத்து வெளியிட்டார்.

எவரும் செவிகொடுக்கவில்லை. ஏன்? றொலின்ஸ் தனித்து ஆய்வு செய்தவர். அவருக்குப் பின்னால் நிறுவனமெதுவும் இருக்கவில்லை. ஈயக்கூடு பொறியின் விலையை உயர்த்தும்; சுருங்கிய கற்றை படமெடுப்பவரின் வேலையைக் கூட்டும். தீமையோ உடனே தோன்றுவதில்லை. அது பத்து ஆண்டு கழித்து வருவது. உடனடி நன்மையும் தாமதித்த தீமையும் எதிர்நின்றபோது, பொறி செய்வோரும் வாங்குவோரும் எதனைத் தெரிந்தனர் என்பதிற் புதுமையில்லை. தொழிலிடத்துப் பாதுகாப்பின் வரலாற்றை அறிந்தோர்க்கு, சுரங்கத் தூசியும் ஈயச்சாயமும் பற்றி எழுந்த எச்சரிக்கைகள் புறக்கணிக்கப்பட்ட கதை இங்கு நினைவுக்கு வரும். 1913இல் வில்லியம் கூலிட்ஜ் வெப்பக் கதோட்டுக் குழாயை ஆக்கியதும், 1923இல் எண்ணெயில் அமிழ்த்திய குழாயைக் கொண்ட பல் எக்ஸ்-கதிர்ப் பொறி விற்பனைக்கு வந்ததும் நிலைமையைப் பெரிதும் மாற்றின. குழாயைப் பதப்படுத்தக் கையை நீட்டவேண்டிய தேவை ஒழிந்தது. தலைக்கு மேல் தொங்கிய உயரழுத்தக் கம்பிகள் மறைந்தன. ஆனால் அவை முதன்மையாக வசதிக்காக வந்த மாற்றங்கள்.

அடுத்து எழுந்த வினா வடிவம் பற்றியது. வாயினுள் அண்ணம் வளைந்திருப்பதால் தகட்டைப் பல்லுக்குச் சமாந்தரமாக வைத்தல் பெரும்பாலும் இயலாது. சாய்ந்து நிற்கும் தகட்டில் விழும் நிழல், காலை வெயிலில் நீண்டும் உச்சிப்பொழுதிற் குறுகியும் விழும் மரநிழல்போலப் பல்லின் உண்மை நீளத்தைத் திரித்துவிடும். 1904இல் கிளீவ்லாந்தைச் சேர்ந்த வெஸ்ரன் பிறைஸும், 1907இல் போலந்து நாட்டவரான அன்ரனி சியெஷின்ஸ்கியும் இதற்குக் கேத்திரகணிதத் தீர்வு கூறினர். பல்லின் அச்சுக்கும் தகட்டுக்கும் இடைப்பட்ட கோணத்தை இருசமக் கூறிடும் தளமொன்றைக் கற்பனை செய்து, அத்தளத்துக்குச் செங்குத்தாகக் கதிரைச் செலுத்தின், நிழலின் நீளமும் பல்லின் நீளமும் ஒன்றாகும். இருசமக்கோண முறை என இன்றும் மாணவர் பயில்வது இதுவே. தகட்டைப் பல்லுக்குச் சமாந்தரமாக வைத்து, குழாயைத் தூர நிறுத்தும் மற்றைய முறை 1947இல் கோர்டன் பிற்ஸ்ஜெரால்ட் அதனை நடைமுறைக்கேற்றதாக்கிய பின்னரே பரவலாயிற்று. சியெஷின்ஸ்கி லுவோவ் நகரப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராகப் பணியாற்றினார். 1941 ஜூலையில் நாசிப் படைகள் அந்நகரைக் கைப்பற்றியதும் அங்கிருந்த பேராசிரியர் பலரைத் திரட்டிச் சுட்டுக் கொன்றன; அவர்களுள் அவரும் ஒருவர். பாடநூல்களில் அவருடைய விதி உண்டு. இம்முடிவு பெரும்பாலும் இல்லை.

நிழலின் நீளம் திருந்தியது, பொருளோ திருந்தவில்லை. இவ்வரலாற்றின் மிகத் துயரமான பகுதி இனித்தான் வருகின்றது.

1910இல் இலண்டன் மருத்துவரான வில்லியம் ஹன்ரர் கனடாவின் மொன்றியல் நகரிலே, மக்கில் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையொன்றில், அழுகிய வேர்களின்மேல் தங்க மூடிகளையும் பாலங்களையும் கட்டும் பல் வைத்தியத்தைக் கடுமையாகச் சாடினார். இரத்தச் சோகை முதல் மூட்டுவாதம் வரை பல நோய்களுக்கு வாயிலுள்ள அழுக்கே காரணம் என்பது அவர் கருத்து. சிக்காகோவின் பிராங்க் பில்லிங்ஸ் இக்கருத்துக்குக் கோட்பாட்டு வடிவம் கொடுத்தார்: உடலில் எங்கோ மறைந்திருக்கும் ஒரு தொற்று மையத்திலிருந்து கிருமிகள் குருதிவழியே சென்று தூரத்து உறுப்புகளைத் தாக்குகின்றன, பல்வேரின் முனையும் தொண்டைச் சதையும் அம்மையத்தின் முதன்மையான உறைவிடங்கள். தொற்று மையக் கோட்பாடு எனப்பட்ட இது முற்றும் ஆதாரமற்றதன்று. பல் பிடுங்கும்போது கிருமிகள் குருதியிற் புகுவதும், இதய வால்வு நோயுடையாரை அது தாக்குவதும் உண்மையே. ஆயின் கோட்பாடு தன் எல்லையைக் கடந்தது. காரணம் தெரியாத நோய் எதுவாயினும் அதற்குப் பல்லைக் குற்றஞ்சாட்டுதல் வழக்காயிற்று.

இவ்விடத்திலேதான் எக்ஸ்-கதிர்ப் படம் சாட்சியாக அழைக்கப்பட்டது. மறைந்திருக்கும் மையத்தைக் காணவேண்டும். மறைந்ததைக் காட்டும் பொறி கையில் உள்ளது. வேர்முனையைச் சுற்றிக் கருவட்டம் தெரிந்தால் அது சீழ், சீழெனின் நஞ்சு, நஞ்செனின் பல் பிடுங்கப்படவேண்டும். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் ஐயத்துக்குரியது; முழுச்சங்கிலியோ விஞ்ஞானமெனப் பெயர்பெற்றது. நிழல் எதுவும் தெரியாத பல்லும் தப்பவில்லை. பற்கூழ் இறந்த பல் எதுவாயினும் பிடுங்கியே ஆகவேண்டும் என்ற தீவிரவாதிகள் அமெரிக்காவில் நூறு வீதக்காரர் என அழைக்கப்பட்டனர். இருசமக்கோண முறையைக் கண்ட அதே பிறைஸ், 1923இல் இரு பெருந்தொகுதிகளாக வெளியிட்ட நூலில் இக்கொள்கைக்குப் பரிசோதனைச் சான்றுகள் தருவதாகக் கூறினார். படத்தின் வடிவத்தைத் திருத்திய கையே அதன் பொருளைத் திரிக்கவும் துணைநின்றது.

நியூ ஜேர்சி மாநிலத்து ட்ரென்ரன் மனநோய் மருத்துவமனையை 1907 முதல் 1930 வரை நடத்திய ஹென்றி கொற்றன், மனநோய்க்கும் இதுவே காரணமென நம்பினார். அங்கிருந்தோரின் பற்கள் படம்பிடிக்கப்பட்டன, பின் பிடுங்கப்பட்டன. பற்களாற் குணமாகாதபோது தொண்டைச் சதையும், அதன்பின் பெருங்குடலின் பகுதிகளும் அகற்றப்பட்டன. 1924இல் பில்லிஸ் கிறீனேக்கர் என்ற இளம் மனநோய் மருத்துவர் அங்கு சென்று நோயாளர் பதிவுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, கொற்றன் கூறிய குணப்பாடுகள் மெய்யல்ல எனக் கண்டறிந்தார். அவ்வறிக்கை வெளியிடப்படவேயில்லை. கொற்றன் தம் பற்களையும் தம் புதல்வரின் பற்களையும் அகற்றுவித்தவர். எனவே அவரை வெறும் வஞ்சகர் எனக் கூறுதல் பொருந்தாது. ஆனால் தம் பற்களைப் பற்றி முடிவுசெய்யும் உரிமை அவருக்கு இருந்தது. அவருடைய நோயாளருக்கு இருக்கவில்லை. கோட்பாடொன்றின் பாரம் யார்மேல் முழுமையாக இறங்குகின்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

வெளியிலும் நிலைமை அடிப்படையில் வேறன்று என்பது என் கருத்து. வேர்க்குழாயைத் துப்புரவாக்கி அடைத்துப் பல்லைக் காப்பதற்கு நேரமும் திறனும் பணமும் தேவை. பிடுங்குவதற்குச் சில நிமிடம் போதும். பிடுங்கியபின் செயற்கைப் பல்லுக்கும் கட்டணம் உண்டு. ஏழைக்கு எக்காலத்திலும் கிடைத்துவந்த வைத்தியம் பிடுங்குதலே. தொற்று மையக் கோட்பாடு அதற்கு விஞ்ஞானப் பெயரொன்றைக் கொடுத்து, வசதி படைத்தோரையும் அதே நாற்காலியில் இருத்தியது எனலாம்.

இதற்கெதிராக முதலில் உரத்துப் பேசியவர்களுள் ஒருவர், ஏற்கெனவே கையை இழந்துகொண்டிருந்த கெல்ஸ் என்பது குறிப்பிடத்தக்கது. 1899இலேயே அவர் வேர்க்குழாயினுள் ஈயக் கம்பியொன்றைச் செலுத்திப் படமெடுத்து, குழாய் முடியும் இடத்தை அளந்திருந்தார். எக்ஸ்-கதிர் பல்லைக் காக்கும் கருவியாக வேண்டும் என்பது அவருடைய தொடக்கக் கொள்கை. 1920இல் எழுதிய கட்டுரையில், படத்தை மட்டும் ஆதாரமாகக் கொண்டு பற்களைப் பிடுங்குவதை அக்காலத்தின் பெருங்குற்றம் என்றே தலைப்பிட்டுக் கண்டித்தார். மருத்துவரின் கட்டளைக்காக நல்ல பல்லைப் பிடுங்கப் பல் வைத்தியர் மறுக்கவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். கதிரால் அழிந்துகொண்டிருந்தவர் கதிரைக் குற்றஞ்சொல்லவில்லை, வாசிப்பையே குற்றஞ்சொன்னார்.

கோட்பாடு ஒரே நாளிற் சரியவில்லை. 1936இல் இங்கிலாந்திலே வில்பிறெட் பிஷ்ஷும் மக்லீனும், பிடுங்கிய பல்லின் வேர்முனையிற் காணப்பட்ட கிருமிகள் பல முன்பே அங்கிருந்தவையல்ல, பிடுங்கும்போது ஈறின் விளிம்பிலிருந்து உள்ளே தள்ளப்பட்டவை எனக் காட்டினர். ஈறின் விளிம்பை முன்னரே சுட்டுத் துப்புரவாக்கியபின் பிடுங்கினால் வேர்முனையிற் கிருமி வளரவில்லை. 1938இல் றசல் செசிலும் அஞ்சவைனும் மூட்டுவாத நோயாளர் 200 பேரை ஆராய்ந்து, பற்களையும் தொண்டைச் சதையையும் அகற்றியதால் அவர்களுக்குப் பயனேதும் விளையவில்லை என அறிவித்தனர். செசில் முன்னர் அக்கோட்பாட்டை ஆதரித்தவர். தம் தரவு தமக்கெதிராக நின்றபோது அதனை வெளியிடும் நேர்மை அவருக்கு இருந்தது. 1950களில் வேர்ச்சிகிச்சை மீண்டும் மதிப்புப் பெற்றது.

இவ்வீழ்ச்சியின் பின்னரே படவாசிப்பு ஒரு கல்வித்துறையாக நிலைபெற்றது எனலாம். அதன் விதைகள் முன்பே இடப்பட்டிருந்தன. இந்தியானாவிலே ஹவாட் றேப்பர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மாணவர்க்கு இதனைப் பாடமாகக் கற்பித்து, 1913இற் பாடநூலும் எழுதினார். 1925இல் அவர் ஆக்கிய கடிப்படம் வேறொரு நோக்குடையது. மேற்பல்லும் கீழ்ப்பல்லும் சேர்ந்து கடித்துப் பிடிக்கும் சிறு தகட்டில் இரு வரிசைகளின் முடிகளும் ஒருங்கே விழும். இரு பற்கள் தொடும் இடத்தில், கண்ணுக்கும் ஊசிக்கும் எட்டாது தொடங்கும் சூத்தையை இது காட்டிக்கொடுத்தது. நோய் முற்றியபின் குற்றவாளியைத் தேடுவதற்கன்று, முற்றுமுன் தடுப்பதற்கு எக்ஸ்-கதிரைப் பயன்படுத்தலாம் என்பது றேப்பரின் வாதம். எளிய அட்டைத்துண்டொன்றால் நிகழ்ந்த இம்மாற்றத்தைப் பெரும்பொறிகள் பலவற்றிலும் மேலானதாக நான் மதிக்கின்றேன்.

வாசிப்பில் நேரும் மயக்கங்கள் சிலவற்றை எடுத்துக்கொள்வோம். கீழ்த்தாடையில், முன்கடைவாய்ப் பற்களின் வேர்களுக்கு அருகே, உதட்டுக்குச் செல்லும் நரம்பு என்பிலிருந்து வெளிவரும் துளையொன்று எல்லோர்க்கும் உண்டு. கதிரின் கோணம் சற்று மாறினால் அத்துளை வேர்முனையின்மேற் சரியாகப் படிந்து, சீழ்க்கட்டியைப் போலவே தோன்றும். மேற்றாடையின் நடுவே, முன்வெட்டும் பற்களுக்குப் பின்னாலுள்ள துளைக்கும் இதே இயல்பு. இதனைத் தெளிய வழியொன்றை இலண்டனைச் சேர்ந்த சார்ள்ஸ் கிளார்க் 1910ஆம் ஆண்டளவிலேயே தந்திருந்தார்: குழாயைப் பக்கவாட்டில் நகர்த்தி இரண்டாம் படமெடுக்கவேண்டும், குழாய் நகர்ந்த திசையிலேயே நகரும் நிழல் நாக்குப் பக்கத்திலுள்ளது, எதிர்த்திசையில் நகர்வது கன்னப் பக்கத்திலுள்ளது. நிழல் வேர்முனையை விட்டு விலகுமாயின் அது பல்லுக்குரியதன்று. வேறொரு மயக்கம் கீழ் வெட்டும் பற்களிற் காணப்படும். நடுவயதுப் பெண்கள் சிலரில், வேர்முனைகளைச் சுற்றி என்பு மாறுதலடைந்து கருவட்டங்கள் தோன்றும். காலப்போக்கில் அவை உள்ளிருந்து வெளுத்துவரும். அப்பற்கள் நலமானவை; சிகிச்சை எதுவும் வேண்டுவதில்லை. பற்கூழ் உயிரோடிருக்கின்றதா எனச் சோதிக்காது படத்தை மட்டும் நம்பியவர் இவற்றைப் பிடுங்கியிருப்பார்.

மயக்கம் மறுபுறமும் உண்டு. இல்லாத நோயைக் காண்பதுபோலவே உள்ள நோயைக் காணாமல் விடுதலும் நேரும். என்பின் கனியுப்பில் ஏறத்தாழ 30 முதல் 50 வீதம் குறைந்தபின்னரே படத்திற் கருமை புலப்படும். 1961இல் பென்டரும் செல்ற்சரும் தாடையென்புகளிற் செயற்கையாகக் குழிகள் தோண்டிப் படமெடுத்தனர். உள்ளேயுள்ள கடற்பஞ்சு போன்ற என்பில் எவ்வளவு தோண்டியும் படம் மாறவில்லை. வெளிப்புற வல்லென்பை எட்டியபோதே குழி தெரிந்தது. எனவே கருமையில்லாமை நோயில்லாமைக்குச் சான்றன்று. சூத்தையின் ஆழமும் அவ்வாறே; படம் காட்டுவதிலும் அது பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும்.

இவையெல்லாம் கற்றபின்னும் வாசிப்போர் ஒத்துப்போயினரா? 1972இல் கோல்ட்மனும் அவருடன் பணியாற்றியோரும் வேர்ச்சிகிச்சை பெற்ற 253 பற்களின் படங்களை ஆறு பேரிடம் தனித்தனியே கொடுத்து, சிகிச்சை வெற்றியா தோல்வியா எனக் கேட்டனர். ஆறு பேரும் ஒரே விடை கூறியவை அவற்றிற் பாதியிலும் குறைவு. பின்னர் அதே படங்கள் மீண்டும் கொடுக்கப்பட்டபோது, தாம் முன்பு கூறியதோடு தாமே பல இடங்களில் முரண்பட்டனர். அரை நூற்றாண்டுக்கு முன், இத்தகைய ஒரு வாசிப்பின்மேலேதான் பற்கள் பிடுங்கப்பட்டன.

பிற்காலப் பொறிகளைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. பின்லாந்தின் யூர்யோ பாத்தேரோ தாடை முழுவதையும் ஒரே படத்தில் விரித்துக் காட்டும் முறையை 1950ஆம் ஆண்டளவில் வளர்த்தெடுத்தார்; 1987இல் பிரான்சின் பிரான்சிஸ் மூயன் தகட்டுக்குப் பதிலாக இலத்திரனியல் உணரியைப் புகுத்தினார்; 1990களின் இறுதியிற் கூம்புக்கற்றைக் கணினிப் படங்கள் தாடையை முப்பரிமாணத்திற் காட்டின. நிழல்மேல் நிழல் படியும் இடர் இதனாற் பெரிதும் குறைந்தது. கதிரின் அளவோ கூடியது. வால்க்கோவின் 25 நிமிடம் இன்று ஒரு செக்கனின் சிறு பின்னமாகிவிட்டது.

றொலின்ஸின் விதிகளுள் ஒன்று பற்றி மட்டும் இங்கே சேர்த்துக் கூறவேண்டும். 2024இல் அமெரிக்கப் பல் வைத்தியச் சங்கம், நோயாளிக்கு ஈயமேலாடையும் கழுத்துப்பட்டியும் வழக்கமாக அணிவித்தலைக் கைவிடலாம் எனப் பரிந்துரைத்தது. இன்றைய பொறிகளில் அவற்றாற் பயன் மிகச் சிறிது. சிலவேளை அவை படத்தையும் மறைத்துவிடுகின்றன. அவற்றுக்கு மாறாக அச்சங்கம் வலியுறுத்தியது, கதிர்க்கற்றையைத் தகட்டின் அளவுக்கேற்ப நீள்சதுரமாகச் சுருக்குதலை. வட்டக்கற்றையோடு ஒப்பிடின் இது நோயாளி பெறும் கதிரைப் பாதிக்கும் மேற் குறைக்கவல்லது. கற்றையைச் சுருக்கவேண்டும் என்று றொலின்ஸ் எழுதி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் பல வைத்திய நிலையங்களில் வட்டக் குழாயே பொறியோடு வருகின்றது.

வாசிப்பையும் இப்போது கணினியிடம் ஒப்படைக்கும் முயற்சி நடைபெறுகின்றது. பல் எக்ஸ்-கதிர்ப் படங்களில் சூத்தையையும் வேர்முனை நிழல்களையும் தானே குறித்துக்காட்டும் நிரல்களை ஐக்கிய அமெரிக்காவின் உணவு, மருந்து நிருவாகம் 2021, 2022ஆம் ஆண்டுகள் முதலாக அனுமதித்து வந்துள்ளது. அவை களைப்பதில்லை, அவசரப்படுவதுமில்லை. ஆனால் அவை பயின்றவை மனிதர் குறித்துக்கொடுத்த படங்களிலிருந்தே. அவையும் கறுப்பையும் வெளுப்பையுமே காண்கின்றன. வேர்முனையைச் சுற்றி நிற வளையமொன்றை வரைந்து காட்ட அவற்றால் இயலும். அப்பல் உயிரோடிருக்கின்றதா என்பதை அறிய, இன்றும் குளிரூட்டிய பஞ்சொன்றைப் பல்லின்மேல் வைத்து நோயாளியைக் கேட்கவேண்டியிருக்கின்றது.